காலர் அக்காவின் மூச்சு

ஐந்து. இந்த எண்ணை மறக்க வேண்டாம். குழந்தை பிறந்து இரண்டு மாதம் கழிந்தும் காலர் அக்கா ஒரு நாளைக்கு ஐந்து முறை உள்ளாடை மாற்றினாள். தும்மினால் சிறுநீர் கசியும். சிரித்தால் கசியும். பிள்ளையைத் தூக்கினால் கசியும்.

சட்டைக் கம்பெனியில் ஒன்பது வருடமாகக் காலர் தைப்பவள். பெயர் வந்தது அப்படித்தான். ஷிப்டுக்கு இரண்டே இடைவேளை. பிரசவ லீவு முடிந்து இந்த லட்சணத்தில் மிஷின் முன்னால் எப்படி உட்காருவது? வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி, அலமாரியில் துணிக்கு அடியில் செருகி வைத்திருந்தாள். புருஷனுக்குக்கூடத் தெரியாது.

மோப்பம் பிடித்தது நாத்தனார்தான்.

"அண்ணி, நான் ஜோக் சொன்னாலே பாத்ரூமுக்கு ஓடுறீங்களே, அவ்ளோ மோசமாவா இருக்கு?"

விஷயம் தெரிந்ததும் கையோடு இழுத்துப் போய் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி மேடம் முன்னால் நிறுத்தினாள். சிறுநீரை அடக்குவதுபோலத் தசையை இறுக்கு, மெதுவாக எண்ணு, விடு என்றார் மேடம். மூன்று வாரம் செய்தாள். ஒரு மண்ணும் மாறவில்லை.

மறுபடி போனபோது, படுக்க வைத்துச் செய்யச் சொன்னார் மேடம்.

"ஏம்மா, மூச்ச எங்க ஒளிச்சு வச்சிருக்க? மூஞ்சியே செவந்துபோச்சு."

"பிடிச்சுக்கிட்டுத்தானே செய்யணும்? காலர் முனைய திருப்புறப்போ நாங்க மூச்சே விடமாட்டோம் மேடம். விட்டா தையல் கோணிடும்."

"இது காலர் இல்லம்மா! மூச்ச அடக்கினா அழுத்தம் மொத்தமும் கீழதான் இறங்கும். ஊதிக்கிட்டே இறுக்கு. அப்புறம் முழுசா தளர்த்து. பிள்ளைய தூக்குறப்பவும் அப்படித்தான்."

ஒன்பது வருடப் பழக்கம். அவள் குற்றமல்ல. பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று சொல்லிப் பெண்களின் வாயை அடைப்பவர்கள் வெட்கப்படட்டும்.

அன்றிலிருந்து, பால் கொடுத்து முடித்ததும் படுத்தபடியே ஊதி ஊதி இறுக்கினாள். சாயங்காலம் தெருக்கோடி வரை நிதானமாக நடந்தாள். தொட்டிலிலிருந்து தூக்கும்போது 'ஃபூ' என்று ஊதுவாள். பிள்ளை அதற்கே சிரிக்கப் பழகிவிட்டது. ஐந்து மூன்றானது. பிறகு ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே இழுபறியாகக் கிடந்தது.

ஊதி இறுக்கத் தொடங்கிய எட்டாவது வாரம் வேலைக்குப் போனாள். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறி, சரியாகக் காலர் முனை திருப்பும் நேரத்தில் அடுக்கடுக்காக மூன்று தும்மல்.

"மெதுவாக்கா, கூரை பறந்துறப் போவுது!" என்றாள் பக்கத்து மிஷின்காரி.

காலர் அக்கா அசையாமல் உட்கார்ந்து கவனித்தாள். ஒன்றுமில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதும் ஒன்றுமில்லை.

தையல்தான் கோணியிருந்தது. பிரித்துத் தைத்தாள்.

வீட்டுக்கு வந்து கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். அன்றைக்கு நனைந்து மாற்றிய உள்ளாடை: பூஜ்யம்.