முதல் அலைகளைப் படித்தவள்

பல்கலைக்கழகம் போக அவள் களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறுவாள், நான் கல்லடியில். பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். எங்கள் வகுப்பில் பௌதிகம் படித்த பெண்கள் நாங்கள் இருவர்தான். வாவியின் இரு கரைகளிலும் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது.

இறுதியாண்டில் ஒவ்வொருவரும் ஒரு தலைப்பில் பேசவேண்டும். நான் சுலபமாக வெப்பக் கடத்தலை எடுத்துக்கொண்டேன். அவள் எடுத்தது, பிரபஞ்சம் பிறந்த கணத்தில் எழுந்த ஈர்ப்பலைகளை.

"தொடக்கத்தில எல்லாம் கொதிச்சுக் கிடந்தது கா. லட்சக்கணக்கான வருசமா ஒளிக்கு வெளியால வர ஏலல்ல. அதால, அதுக்கு முந்தி நடந்தத எந்த ஒளியும் நமக்குக் காட்டாது. ஈர்ப்பலைய ஒண்டும் மறிக்கல்ல. அது அப்பவே புறப்பட்டிட்டு."

"அப்ப ஏன் இன்னும் ஒருத்தரும் காணல்ல?"

"அவ்வளவு மெல்லிசு. பிறகு முதன்முதலா வெளியால வந்த ஒளியில ஒரு சுழி மாதிரித் தடம் விட்டிருக்கும். அதத்தான் தேடுறாங்க."

அவள் பேசவேண்டிய நாளன்று பாலத்தடிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அவள் கையில் சுருட்டிய வரைதாள் இருந்தது. சிப்பாய் அதை விரித்தான். அந்தத் தடத்தைத் தேடும் தொலைநோக்கியின் பெரிய கிண்ணம், கீழே பெட்டிகள், வயர்கள்.

"இது என்ன? அன்ரனா?"

"ஓம் சேர், ஒருமாதிரி அன்ரனாதான்."

"யாருக்கு மெசேஜ் அனுப்புறது?"

"அனுப்புறதில்ல. வாறத வாங்குறது மட்டும்."

"எங்க இருந்து வாறது?"

அவளுக்குப் பொய் வராது. "எல்லாம் தொடங்கின இடத்தில இருந்து," என்றாள்.

"சேர், இது கம்பஸ் பாடம். சோதினைக்கு," என்று நான் குறுக்கிட்டேன். அவன் காதில் வாங்கவில்லை. அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். பஸ் போய்விட்டது. நான் வெயிலில் நின்றேன். செய்தி கேட்டு எங்கள் விரிவுரையாளர் வந்து விளக்கி அவளை மீட்டபோது பின்னேரமாகிவிட்டது. அடிக்கவில்லை என்றாள். பெயரையும் ஊரையும் பதிந்து, படம் எடுத்தார்களாம். வரைதாளைத் திருப்பித் தரவில்லை.

அடுத்த கிழமை கரும்பலகையில் வரைந்தே பேசினாள். வகுப்பு முழுக்கக் கைதட்டியது. பிறகு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அதே ஆராய்ச்சிக்கு அவளுக்கு இடம் தந்தது. விசாவுக்குப் பொலிஸ் அறிக்கை தேவைப்பட்டது. போய்க் கேட்கும்போதெல்லாம், அந்தச் சாவடிப் பதிவைக் காட்டி விசாரணை முடியவில்லை என்றார்கள். அந்த இடம் வேறு யாருக்கோ போனது. அவள் ஊரிலேயே உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்தாள். கல்யாணமும் அங்கேயே ஆனது.

யுத்தம் முடிந்து சில வருடங்களில், அந்தச் சுழியைக் கண்டுவிட்டதாகச் செய்தி வந்தது. உடனே அவளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"மெய்தானா? எங்க வச்சுப் பார்த்தவங்க?"

"தென் துருவத்திலயாம்."

"போக விட்டிருந்தா நானும் அங்கதான் நிண்டிருப்பன் கா," என்றாள். பிறகு, "அடுப்பில சோறு கிடக்கு. மறுகா கதைக்கிறன்," என்று வைத்துவிட்டாள்.

கொஞ்சக் காலத்தில் அந்தச் செய்தியும் பிழையாகிப் போனது. கண்டது நம் பால்வீதித் தூசியின் தடமாக இருக்கலாம் என்றார்கள். அவளும் வாசித்திருப்பாள். அதைப்பற்றி அவளிடம் பேச எனக்கு மனம் வரவில்லை. தேடல் இன்னும் நடக்கிறது. தேடுகிறவர்களின் படங்கள் பத்திரிகையில் வரும்போதெல்லாம், அவள் அதில் நிற்கவேண்டியவள் என்ற எண்ணம் வந்து, பக்கத்தைப் புரட்டிவிடுகிறேன்.