ஜெசிந்தாவின் சிவப்பு டேக்

காலையில் கம்பெனி பஸ் குன்றத்தூரைத் தாண்டியபோது ஜெசிந்தா மேரியின் தம்பி அழைத்தார். "அக்கா போய்ட்டாங்க சார். நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள…" என்றார். வடக்குப்பட்டு நிறுத்தத்தில் ஏறும் ஜெசிந்தாவுக்கு இடம் பிடிக்க, வழக்கம்போல் பக்கத்து இருக்கையில் என் பையை வைத்திருந்தேன். ஒரகடம் வரும்வரை அதை எடுக்க மனம் வரவில்லை.

ஜெசிந்தாவை, இதைப் படிக்கும் உங்களில் பலர் அவர் போட்ட சண்டைகளால்தான் அறிவீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: துணியில் ஏற்றிய கஞ்சியை நீக்கும் நொதிகளைச் செய்வது எங்கள் நிறுவனம். ஒரு நொதியைச் சூடு தாங்கும்படி மாற்றவேண்டுமென்றால் முதலில் அந்தப் புரதத்தின் வடிவம் தெரிய வேண்டும். உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்த வடிவங்களைச் சேர்த்துவைக்கும் தரவுத்தளம் ஒன்று உண்டு. அதில் ஒரே புரதத்துக்கு நாற்பது வடிவங்கள்கூடக் கிடக்கும். எதை நம்பித் தொடங்குவது என்று தேர்ந்தெடுப்பதுதான் எங்கள் இருவரின் வேலை.

இங்கே வருவதற்கு முன் அவர் இரண்டு ஆண்டுகள் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், வரும் பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தவர். அந்தப் பழக்கத்தை விடவேயில்லை. ஒவ்வொரு வடிவத்தையும் தாளில் அச்சிட்டு அதில் டேக் என்னும் வண்ண அட்டை ஒன்றைக் கட்டுவார். சிவப்பு என்றால் தள்ளுபடி, காரணமும் எழுதியிருக்கும்: 'நடுவில் ஒரு துண்டு காணோம்', 'வேறு பூஞ்சையின் புரதம்', 'படம் மங்கல்'. பச்சை டேக்கில் இரண்டு பேர் கையெழுத்து இருந்தால்தான் வேலை தொடங்கும். முனைவர் பட்டத்தோடு வந்த எனக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றியது. முகத்துக்கு நேராகவே சிரித்தேன். "இன்னா டாக்டரே, சிரிப்பு? போல்ட்டா இருந்தா இன்னா, புரோட்டீனா இருந்தா இன்னா? கூட வர்ற பேப்பரப் படிக்காம உள்ள வுடக்கூடாது" என்றார்.

நான் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. தம்பி கல்யாணத்துக்கு அவர் விடுப்பில் போயிருந்த வாரம், இருந்ததிலேயே மிகத் தெளிவான வடிவத்தை நானே தேர்ந்தெடுத்தேன். பச்சை டேக்கில் ஒற்றைக் கையெழுத்தோடு வேலையைத் தொடங்கினேன். தரவுத்தளத்தில் அந்த வடிவத்துக்கான பதிவிலிருந்த அமினோ அமில வரிசையை அப்படியே எடுத்து, நான் கண்டுபிடித்த மாற்றங்களைச் சேர்த்து, கீழ்த்தளத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் ஆறு வகை நொதி செய்தார்கள். ஆறில் ஒன்றுகூடக் கஞ்சியைத் தொடவில்லை.

ஜெசிந்தா அந்தப் பதிவைத் திறந்து முதல் பக்கத்தைப் படித்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. "படம் பளபளன்னு கீது. ஆனா கஞ்சிய வெட்ற இடத்தையே மாத்திட்டுல்ல படம் எடுத்துக்கீறாங்க" என்றார். கஞ்சியைப் பிடித்தபடி நொதி அசையாமல் நிற்க வேண்டும் என்பதற்காக, அந்த ஆராய்ச்சியாளர்கள் அதன் வெட்டும் திறனை வேண்டுமென்றே நீக்கியிருந்தார்கள். அதை மறைக்கவுமில்லை, பதிவிலேயே எழுதியிருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை.

மறுநாள் கூட்டத்தில், இதை யார் பாஸ் செய்தது என்று மேலாளர் கேட்டார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, வீட்டில் மனைவி ஏழு மாதக் கர்ப்பம். "நான்தான் சார், லீவுல இருந்தே போன்ல பாஸ் பண்ணேன். டாக்டர் புதுசு, நான் சொன்னதத்தான் செஞ்சாரு" என்றார் ஜெசிந்தா. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாலை பஸ்ஸில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உங்கள அனுப்பிச்சிட்டா நான் யாராண்ட சண்ட போடறது?" என்று சொல்லிவிட்டு, பாதி வேர்க்கடலைப் பொட்டலத்தை என் கையில் கொட்டினார். அடுத்த ஆண்டு குழுத்தலைவர் பதவிக்கு அவர் பெயர் வந்தபோது, அந்த ஆறு நொதிகள் வீணானதைச் சொல்லி அவரை ஒதுக்கிவிட்டார்கள். பதவி எனக்கு வந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. இனிப்பு எங்கே என்று முதலில் கேட்டவரும் அவர்தான். அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய மேசை இழுப்பறையை ஒழித்தேன். அடியில் அந்தப் பச்சை டேக் இருந்தது. என் கையெழுத்துக்குக் கீழே அவருடையது. தேதி, அந்தக் கூட்டம் நடந்த நாள். வாயால் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதென்று பிறகு உட்கார்ந்து கையெழுத்தும் போட்டிருக்கிறார். அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு அவர் மிச்சம் வைத்திருந்த டேக்குகளில் ஒரு சிவப்பு டேக்கை, அந்த ஆறு நொதிகளுக்கு நான் தேர்ந்த வடிவத்துக்காக எடுத்துச் சென்றேன். காரணம் என்ற இடத்தில் 'பதிவைப் படிக்காமல் தேர்ந்தெடுத்தது' என்று எழுதினேன். பாஸ் செய்தவர் என்ற இடத்தில் என் பெயரை மட்டும் எழுதி, பலகையில் எல்லாரும் பார்க்கும்படி மாட்டினேன். மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். அது அங்கேயே இருக்கட்டும். எனக்கு அந்தப் பச்சை டேக் போதும். இனி எந்தப் பச்சை டேக்கிலும் இரண்டாவது கையெழுத்துக்கு நான் இன்னொருவரிடம் போய் நிற்க வேண்டும். ஜெசிந்தா, நீங்கள் சண்டை போடவாவது வந்திருக்கலாம்.