குளவி கலைந்த மலை

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குளவி கலைந்து, கொழுந்து பறிக்கும் பெண்களைக் கொட்டிவிட்டது என்று அழைப்பு வந்தது. கண்டி மஹய்யாவயில் பிறந்து டவுனிலேயே வளர்ந்த எனக்குக் குளவியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதற்குப் போடும் ஊசி மட்டும்தான். அம்புலன்ஸ் வேலையில் வெள்ளத்தில் இறங்கியிருக்கிறேன், சரிந்த மண்மேட்டில் தவழ்ந்திருக்கிறேன். குளவி பறக்கும் மலைக்குள் அதுவரை போனதில்லை.

பெண்கள் முகம் வீங்கிப் பாதையோரம் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் மூச்சு சீராகத்தான் இருந்தது. ஆனால் ஒருவரை மட்டும் காணவில்லை. கூடு இருந்த மரத்துக்குக் கிட்ட, மேல் நிரையில் பறித்துக்கொண்டு நின்றவராம். அவரைத்தான் அதிகம் கொட்டியிருக்கும் என்றார்கள். அப்படியானால் தொண்டை வீங்கி அடைப்பதற்குள் நான் போயாக வேண்டும்.

குளவி அடங்காமல் உள்ளே போகக் கூடாது என்பது எங்கள் விதி. எங்கள் சாரதி சிங்களத்தில் அதைத்தான் சொன்னார், சொல்லிக்கொண்டே தன் மழைக்கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அந்த மனிதர் எப்போதும் அப்படித்தான். வாய் ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும். யாருடையதோ மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டையும் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

"சத்தம் மட்டும் குடுக்காதீங்க தம்பி," என்றார் பெண்களில் ஒருவர். "சத்தம் வர்ற பக்கந்தான் அது திரும்பும்."

கூப்பிடாமல் ஆளைத் தேடுவது எப்படி என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மேலே ஏற ஏற என் மூச்சே ஹெல்மட் கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது. தேயிலைப் பச்சை முழுவதும் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் அசைந்தது. கொஞ்சம் வெயில், கொஞ்சம் பனி, மறுபடி வெயில். குளவிகள் ஹெல்மட்டில் மோதுவது தகரத்தில் தூறல் விழுவதுபோல் கேட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது இதமாக இருந்தது. நடப்பது நானா, மலை என்னைக் கடந்து போகிறதா என்றுகூடத் தெரியவில்லை. பயமே வரவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

அந்த மயக்கம் கலைய வேண்டும் என்பதற்காகவே வாய்விட்டுக் கூப்பிட்டேன். "அக்கா, எங்க இருக்கீங்க?"

தூறல் பெருமழையானது. கண்ணாடி முழுக்கக் குளவி. மறுபடியும் கூப்பிட்டேன். அப்போதும் ஒரு முனகல்கூட இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

கொஞ்சம் தள்ளி, ஒரு செடியின் அடியில் செருப்புப் போட்ட கால் ஒன்று தெரிந்தது. இடுப்பில் கட்டும் படங்குத் துணியைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தார். விலக்கினேன். மூச்சு விசிலடித்தது. ஒரு கண் மட்டும் திறந்திருந்தது, அது என்னையே பார்த்தது. தொடையில் ஊசியைப் போட்டுவிட்டு, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். என் கழுத்திலும் கையிலும் கொட்டியதை அம்புலன்ஸில் ஏறிய பிறகுதான் உணர்ந்தேன்.

கண்டிக்குப் போகும் வழியில் அவருக்கு மூச்சு சீரானது. எனக்குள் பயமெல்லாம் கோபமாக மாறியிருந்தது. இரண்டு தடவை கூப்பிட்டேனே, காதில் விழவில்லையா என்று கேட்டேன்.

ஒட்சிசன் முகமூடியை விரலால் கொஞ்சம் நகர்த்தினார்.

"கேட்டுச்சு தம்பி. எனக்குக் கொட்டுனது கொட்டிருச்சு. பேசாம கெடந்தா நீங்களாவது திரும்பிப் போயிருவீங்கன்னுதான்."