கோமதி அக்கா வீட்டு அம்பாளும் என் ஆராய்ச்சியும்

கலை வரலாற்று ஆராய்ச்சி என்பது அடுத்தவர் கும்பிடும் பொருளுக்கு வயது சொல்லும் தொழில். எழுபதுகளின் கடைசியில் தில்லியில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். முனிர்காவில் ஒரு அறை, ஒரு பழைய சைக்கிள், தென்னிந்தியச் செப்புச் சிலைகளைப் பற்றி ஒரு கட்டு காகிதம். ஆய்வேடு எழுதி அவதிப்பட்டவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். அந்தப் படிப்பால் ஒரு வீட்டுப் பூஜை அலமாரியில் அம்பாள் இல்லாமல் போனாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நேரே அங்கே போகத் தைரியம் இல்லாததால் சின்ன விஷயங்கள் இரண்டை முன்னால் வைக்கிறேன்.

வீட்டுக்காரரின் சந்தேகம்

முனிர்காவில் என் வீட்டுக்காரர் எருமை வைத்திருந்தார். பகலெல்லாம் நான் எங்கே போகிறேன் என்பது அவருக்குப் புரியவில்லை. மியூசியத்தில் சிலை பார்க்கிறேன் என்றேன். நாலு வருஷமாகவா என்றார். ஆமாம் என்றேன். ஹூக்காவை வாயிலிருந்து எடுத்துவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார்: "ஏன் பேட்டா, அந்தச் சிலை ஏதாவது நகருதா?"

இந்திக்காரர்

ஒரு நாள் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு மியூசியத்தைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. என் இங்கிலீஷில் நானே மயங்கியிருந்த நேரம். செப்புச் சிலைகள் இருந்த கூடத்தில் கட்டட வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி சோமாஸ்கந்தர் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, இந்தச் சாமிக்கு ஒரு துண்டுத் துணிகூடவா கட்ட மாட்டாங்க?"

பேராசிரியர் என்ன என்பதுபோல் பார்த்தார். அவள் பேசியது எனக்குப் புரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. "மாலூம் நஹீ" என்று இந்தியில் தெரியாது சொல்லிவிட்டு நகர்ந்தேன். முதுகுக்குப் பின்னால் அவள் தோழியிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது: "இந்திக்காரரு போலடி. பாவம், நம்ம சாமி பேரெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்?"

வயது சொன்னேன்

லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் சங்கரலிங்கம் என்ற குமாஸ்தா இருந்தார். திருநெல்வேலிக்காரர். அவர் மனைவி கோமதி அக்கா எனக்குப் பல ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டவர். அவருடைய தாய் வீட்டிலிருந்து வந்த அம்பாள் சிலை ஒன்று, ஒரு சாண் உயரம், பூஜை அலமாரியில் இருந்தது. இடது கைச் சுண்டுவிரல் நுனி உடைந்திருக்கும். நவராத்திரிக்கு வந்த சங்கரலிங்கத்தின் மேலதிகாரி அதைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார். மூன்று முறை ஜாடையாகக் கேட்டார். நாலாவது முறை நேராகவே கேட்டார்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலைகளை அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்ற சட்டம் வந்த புதிது. பதிந்த சிலையைக் கைமாற்றினால் அதையும் தெரிவிக்க வேண்டும். அந்த வில்லங்கத்தில் எந்த அதிகாரியும் தலையைக் கொடுக்க மாட்டார். ஆகவே சிலை பழசு என்று நான் சொல்லிவிட்டால் அம்பாள் தப்பினாள். அக்கா அதை என் கையில் கொடுத்தபோது முகத்தில் அந்த நம்பிக்கைதான் இருந்தது.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புது வெண்கலப் பானை மாதிரி மின்னியது. நான் படித்த புத்தகங்களில் பழைய சிலை என்றால் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். இதில் மருந்துக்கும் இல்லை. மூக்கும் கண்ணும் மழுங்கியிருந்ததை மட்டமான வார்ப்பு என்று முடிவு கட்டினேன். "ஐம்பது வருஷம் இருந்தால் அதிகம்" என்றேன்.

"கொஞ்சம் பழசுன்னு எழுதிக் குடுங்களேன், தம்பி" என்றார் அக்கா.

"ஆராய்ச்சியில் பொய் எழுதக்கூடாது அக்கா" என்றேன். இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. சங்கரலிங்கம், "அச்சா, விடு. படிச்ச பிள்ளை சொல்லுதான்" என்றார். அக்கா விடவில்லை. "வெள்ளிக்கிழமை தவறாம புளி போட்டுத் தேய்க்கோம், எங்க அம்மையும் தேய்ச்சா, அவ மாமியாரும் தேய்ச்சா. அதையும் யோசிச்சுத்தான் சொல்லுதீகளா?"

வெல்வெட் துணியில்

ஆறு மாதம் கழித்து, என் வழிகாட்டிப் பேராசிரியர் பழங்கலைப் பொருள் விற்கும் கடை ஒன்றுக்கு என்னை அழைத்துப்போனார். வியாபாரிகள் அபிப்பிராயம் கேட்பதும் அவர் சொல்வதும் வழக்கம். கடைக்காரர் நீல வெல்வெட்டைப் பிரித்தார். உள்ளே அம்பாள். சுண்டுவிரல் நுனி இல்லை.

பேராசிரியர் விரலால் அந்த முகத்தைத் தடவினார். "நாயக்கர் காலம். முகம் மழுங்கியிருப்பதைப் பார். வீட்டில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துக் கும்பிட்டிருக்கிறார்கள். களிம்பைத் தேடுகிறவன் இங்கே ஏமாந்துபோவான்" என்று எனக்குப் பாடம் சொன்னார். இது யார் வீட்டுச் சிலை என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் இதற்கு வயது சொன்னவன் யார் என்பதையும் சொல்ல வேண்டும். என் ஆய்வேடு அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. குறிப்பேட்டைத் திறந்து அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன். கடைக்காரர் சந்தோஷமாகத் தொடையில் தட்டிக்கொண்டார்: "விற்ற ஆபீசர் சொன்னார் சாப், யாரோ படிச்சவன் இதைப் புதுசுன்னு சொன்ன பிறகுதான் அந்த வீட்டுக்காரங்க கொடுத்தாங்களாம். படிச்சவங்க நல்லா இருக்கணும்!"

சொல்லாமல் வந்தேன்

கையெழுத்து கிடைத்த பிறகுதான் லோதி ரோடு போனேன். அந்த வரிசையைக் கவனியுங்கள். உள்ளதைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தபடி சைக்கிள் மிதித்தேன். அதற்குள் சிலை கடலைத் தாண்டியிருந்தது. அலமாரியில் அம்பாள் இருந்த இடத்தில் காலண்டரிலிருந்து வெட்டிய படம் ஒட்டியிருந்தது. அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"அக்கா, அந்தச் சிலை விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையமர்த்தினார். "நீங்க புதுசுன்னு சொன்னது நல்லதாப் போச்சு, தம்பி. பித்தளைப் பொம்மைதானே போச்சுன்னு மனசத் தேத்திக்கிட்டேன். நெசமாவே பழசா இருந்து குடுத்திருந்தா நான் தாங்கியிருக்க மாட்டேன். காப்பி ஆறுது பாருங்க."

அதற்குப் பிறகு முப்பது வருஷம் பத்திரிகையில் வேலை பார்த்தேன். அங்கே தப்பாக எழுதினால் மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போட இடமாவது இருந்தது.