கனகசபையர் ஏன் கப்பல் ஏறினார்

என் மனைவி கஜலக்சுமிக்குக் கோபம் வந்தால் வீட்டில் ஏதாவது உருப்படியாக நடக்கும். டொச் மொழிப் பரீட்சையில் பாஸ் பண்ணியது ஒரு கோபத்தில். கார் லைசென்ஸ் எடுத்தது இன்னொரு கோபத்தில். சுவிஸ் பாஸ்போட் கைக்கு வந்த அன்று வந்த கோபத்தில் பரம்பரை ஆராய்ச்சி தொடங்கியது.

இந்த நாட்டுப் பாஸ்போட்டில் பிறந்த ஊரைப் போடமாட்டார்கள். பூர்வீக ஊர் என்று ஒன்றைப் போடுவார்கள். எங்கள் இருவருக்கும் நாங்கள் குடியிருக்கும் வின்டர்தூர் என்று போட்டிருந்தது.

“என்ர பூர்வீகம் வின்டர்தூரோ? நான் அராலி. என்ர பூட்டன் கனகசபையர் வெள்ளைக்காரன்ர காலத்திலயே மலாயாவில ரெயில் விட்டவர்!”

“ரெயில் விடேல்லை. ரெயில்வே கந்தோரில கிளாக்,” என்றேன்.

“உங்கட பூட்டன் எங்க போனவர்?”

என் பூட்டன் தன் புகையிலைத் தோட்டத்தைத் தாண்டிப் போனதாகத் தகவல் இல்லை.

கஜலக்சுமி அகதியாக வந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. ஹோட்டலில் கோப்பை கழுவினாள். பிறகு முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது, இன்றும் அங்கேதான். யாருடைய காலுறை எது என்று தேடிச் சோடி சேர்ப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. அதே வேகத்தில் செத்துப் போனவர்களையும் தேடத் தொடங்கினாள். அராலியில் மிஞ்சிய காணி உறுதிகளைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள். மலேசியாவில் இருக்கும் ஆராய்ச்சிப் பிரியர்களோடு இன்டர்நெட்டில் சிநேகமானாள். கனகசபையர் பினாங்கில் இறங்கியது, தைப்பிங்கில் வேலை பார்த்தது, சிரம்பானுக்கு மாறியது, மகன் பெரியவனானதும் ஊருக்குத் திரும்பி வந்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவற்றை வீட்டுக்கு ஒட்டி மிஞ்சிய வால்பேப்பர் சுருளின் பின்பக்கத்தில் மரமாக வரைந்தாள். ஓர்லிகோனில் நடக்கப்போகும் குடும்ப ஒன்றுகூடலில் அதைச் சுவரில் தொங்கவிட்டு எல்லோரையும் வாய் பிளக்க வைப்பதுதான் திட்டம்.

இதற்கிடையில் எங்கள் மகன் சுஜிதன் ஒரு பெண்ணை விரும்பினான். பெயர் ஜெனனி, பிரெஞ்சு பேசும் பக்கத்தில், லா ஷோ-து-ஃபோனில் வளர்ந்தவள். தாய் தகப்பன் இருவருக்கும் அங்கே மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. இவனுக்குப் பிரெஞ்சு வராது, அவளுக்கு டொச் வராது. ஆகவே இருவரும் தமிழில் காதலிக்க வேண்டிய கட்டாயம். பன்னிரண்டு வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கியதற்குக் கிடைத்த பலன் என்று நாங்கள் பூரித்துப் போனோம்.

ஜெனனியின் பெற்றோர் முதன்முறை வீட்டுக்கு வந்தார்கள். நம்மவர்கள் சந்தித்தால் சீனி போதுமோ என்று கேட்க முன்னரே எந்த ஊர், யாருடைய ஆட்கள் என்று கேட்டுவிடுவார்கள். தாய் ஜெயமலரும் பூர்வீகம் அராலி என்றார். கஜலக்சுமிக்குக் கை துருதுருத்தது. வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். கேட்டால்தானே! வரவேற்பறை முழுக்கச் சுருளை விரித்தாள்.

ஜெயமலர் குனிந்து பார்த்தார். கனகசபையரின் தம்பி செல்லப்பரின் பெயரில் விரலை வைத்தார்.

“இவர் என்ர பூட்டனெல்லோ!”

முதலில் இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். பிறகு இருவர் முகத்திலும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் வழியில் இவள், தம்பி வழியில் அவர். முறைப்படி இருவரும் சகோதரிகள். சகோதரிகளின் பிள்ளைகள் அண்ணனும் தங்கையும். தேநீர் ஆறிப்போனது, வடையை யாரும் தொடவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் யுத்தம்.

“அம்மா, சிவில்ஸ்டான்ட்ஸ்அம்ட் கந்தோரில கேட்டனான். கலியாணம் பதிவு செய்ய ஒரு தடையும் இல்லையாம்.”

“அவங்களுக்கு முறை தெரியுமோ? சனத்துக்கு முன்னால நான் என்னெண்டு நிக்கிறது?”

“அப்ப நாங்கள் கனடாவுக்குப் போறம். அங்க ஒருத்தருக்கும் எங்களைத் தெரியாது.”

சுஜிதன் சொன்னால் செய்கிறவன். பிடிவாதம் தாயிடமிருந்து வந்த சீதனம். அவன் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டான் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இருக்கிறது ஒரே பிள்ளை. அவள் சமைத்தாள், வேலைக்குப் போனாள், என்னோடு தேவைக்கு மேல் கதைக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஒன்றுகூடலுக்கு முந்தின வாரம், ஞாயிறு மத்தியானம், பினாங்கிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கனகசபையரின் கல்யாணப் பதிவு கிடைத்துவிட்டதாம். கோயில்களில் தேடித் தேடிக் கிடைக்காதது ஒரு தேவாலயத்தில் இருந்ததாம்.

“தேவாலயத்திலயோ? அவர் சைவப்பழமெண்டு அப்பா சொல்லுவாரே,” என்று முணுமுணுத்தபடி படத்தைப் பெரிதாக்கினாள்.

மாப்பிள்ளை கனகசபை, தகப்பன் ஆறுமுகம், அராலி. பெண் தையல்முத்து, தகப்பன் கந்தப்பர், அராலி.

கஜலக்சுமி எழுந்துபோய்ச் சுருளை எடுத்து வந்து மேல் நுனியை விரித்தாள். ஆறுமுகத்தார், கந்தப்பர். காணி உறுதியைப் பார்த்து அவளே தன் கையால் எழுதிய பெயர்கள். கூடப்பிறந்த அண்ணனும் தம்பியும். கனகசபையர் கட்டியது சொந்தச் சித்தப்பாவின் மகளை.

“இஞ்சேருங்கோ,” என்றாள். “மனுசன் வேலைக்குப் போகேல்லை. ரெண்டு பேரும் ஓடிப் போயிருக்கினம். சைவக் கோயிலில ஆரும் தாலி எடுத்துக் குடுத்திருக்க மாட்டினம்.”

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஓர்லிகோன் மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. ஜெனனியின் குடும்பமும் வந்து ஒரு மூலையில் ஒதுங்கி இருந்தது. கஜலக்சுமி யாரையும் கேட்காமல் கதிரையில் ஏறிச் சுருளைத் தொங்கவிட்டாள். கந்தப்பரின் மகள் தையல்முத்துவிடமிருந்து கனகசபையருக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். சுஜிதன் எழுந்து வந்து அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தான்.

கஜலக்சுமியின் பெரியப்பா மகன் மூத்ததம்பி அண்ணைதான் எங்கள் குடும்பத்தின் நீதிமன்றம். எந்தக் கல்யாணப் பேச்சும் அவரைத் தாண்டித்தான் போகும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார்.

“பிள்ளை, உதென்ன கோடு? அண்ணன் தங்கச்சியெல்லே?”

“ஓம் அண்ணை. அதுதான் கப்பல் ஏறினவை.”

அண்ணை தன் பெயரைத் தேடிப் பிடித்தார். அங்கிருந்து விரலை மேலே மேலே கொண்டுபோனார். விரல் தையல்முத்துவில் போய் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் பார்த்தார்.

“அப்ப நாங்கள் எல்லாரும்...” என்று தொடங்கியவர் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டார்.

கஜலக்சுமி கைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தாள். சுருளின் அடிநுனியில், ஒரு பக்கம் சுஜிதன், மறுபக்கம் ஜெனனி. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு பெயர்களுக்கும் நடுவே கோடு இழுத்தாள். சுருள் ஆடியதில் கோடு கொஞ்சம் வளைந்தது.

“இவைக்குக் கப்பல் வேண்டாம் அண்ணை,” என்றாள். “இஞ்சயே இருக்கட்டும்.”