சொன்ன நேரத்துக்கு வந்த ஜீப்

அரசாங்கத்தை யாராவது என் எதிரில் மெச்சிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டிப் பேசினாலும் அப்படித்தான். இந்த இரண்டு தரப்பில் ஒருவர்கூட அந்த ஒற்றையடிப் பாதையில் என்னோடு நின்றதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஆட்சி மாறியது. குக்கிராமத்துக்கும் மருத்துவம் போய்ச் சேர வேண்டும் என்று புதிதாக வந்தவர்கள் சொன்னார்கள். வெறும் பேச்சாக விட்டுவிடவில்லை, அதை நான் ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். கொடைக்கானல் மலையில், அடுக்கம் என்ற ஊருக்கும் கீழே, பழைய பாதையை ஒட்டியிருந்த ஒரு மலைக் கிராமத்தில் மளமளவென்று துணை சுகாதார நிலையம் எழும்பிவிட்டது. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, நீலச் சுவர், பளபளவென்று ஒரு பிரசவ மேஜை. குழாய் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. கொடைக்கானலில் மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை அங்கே நர்சாகப் போட்டார்கள். ஆர்டர் வந்த அன்று அம்மா ஜெபம் செய்து அழுதாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருவரும் வரவில்லை. வராந்தாவில் ஆடுகள் வந்து படுத்தன. நான் வீடு வீடாகப் போனால் பெண்கள் காப்பி கொடுத்தார்கள், மலைவாழைப் பழம் கொடுத்தார்கள், மாத்திரையை மட்டும் வாங்க மாட்டேன் என்றார்கள். முதலில் இவர்களுக்கு விவரம் பத்தாது என்று நினைத்தேன். பிறகுதான் ஜீப்பின் கதை தெரிந்தது.

முந்தைய ஆட்சியில், நெருக்கடிக் காலத்தில், குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் பிடிக்க ஒரு ஜீப் வந்துபோயிருக்கிறது. சந்தைக்கு வாழைத்தார் கொண்டுபோன ஆண்களை ஏற்றிக்கொண்டு போய் அறுவை செய்து அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒருவன் கல்யாணம் நிச்சயமாகியிருந்த பையன். பெண் வீட்டார் கைகழுவிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் தோட்டத்துக் குடிசையை விட்டு ஊருக்குள் வருவதேயில்லை. அன்றிலிருந்து ஜீப் சத்தம் கேட்டால் அந்த ஊரில் ஆண்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள். லாரிக்கும் ஜீப்புக்கும் உள்ள வித்தியாசம் அங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடச் சத்தத்திலேயே தெரியும். வண்டி திரும்பிப் போகிற சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வருவார்கள். வெயிலோ மழையோ, சோறு தண்ணி இல்லாமல் அப்படியே கிடப்பார்கள்.

ஆட்சி மாறியது, ஜீப் மாறவில்லை. அதே வண்டி, குடும்பக் கட்டுப்பாட்டின் அதே சிவப்பு முக்கோணம், அதே ஹாரன். அம்மை ஊசியும் சத்து மாத்திரையும் அதில்தான் வந்தன. வண்டிக்கு வேறு பெயின்டாவது அடித்துக் கொடுங்கள் சார் என்று சுகாதார அதிகாரியிடம் கேட்டேன். "பெயின்ட்ல என்னம்மா இருக்கு, மனசுல இருக்கு எல்லாம்," என்று சிரித்தார். கெட்டவர் இல்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு வருடம் கொஞ்சம் நிம்மதியாகப் போயிருக்கும்.

என்னிடம் முதன்முதலில் வந்தவள் அந்தப் பையனின் அண்ணி. என் வயதுதான் இருப்பாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்ததாம். இரண்டாவது இப்போது வயிற்றில், ஏழாம் மாதம். மாமியாருக்குத் தெரியாமல் விறகுக்குப் போகிற சாக்கில் வந்து, முந்தானையை விலக்கி வயிற்றைக் காட்டி, "இத மட்டும் உசுரோட எடுத்துக் கொடுத்துருங்க நர்சம்மா," என்றாள். பிறகு அடிக்கடி வந்தாள். பிரசவ மேஜையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல படுத்தா வழுக்காதா?" என்று சிரிப்பாள். அந்த ஊரில் எனக்குப் பேச்சுத்துணை அவள்தான்.

எட்டாம் மாதக் கடைசியிலும் பிள்ளை குறுக்கே கிடந்தது. அந்த மேஜையில் என்னால் எடுக்க முடியாத பிள்ளை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், அதுவும் வலி எடுப்பதற்கு முன்பே. அவள் வீட்டுக்குப் போய் மாமியாரிடமும் புருஷனிடமும் மன்றாடினேன்.

"ஆஸ்பத்திரின்னா ஜீப்பு வரும்," என்றாள் மாமியார். "ஒரு மகன் குடிசையில கெடக்கான், பாத்தீகளா?"

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். வலி எடுத்ததும் டோலி கட்டித் தூக்குவது. அந்த மலையில் நடக்க முடியாதவர்களை அப்படித்தான் இறக்குவார்கள், மூங்கிலில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி, முன்னால் இருவர் பின்னால் இருவர். ரோடு தொடங்குகிற எஸ்டேட் கேட் வரைக்கும் டோலி. அங்கிருந்து எஸ்டேட்டின் காப்பி லாரி. ஜீப் வேண்டவே வேண்டாம். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரை நானே போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்தேன், அவரும் சரி என்றார்.

ஒரு நாள் வெள்ளனே வலி எடுத்தது. ரைட்டருக்கு ஆள் அனுப்பினேன். புருஷன் முன்மூங்கிலைப் பிடிக்க, அவனோடு சேர்த்து நான்கு பேர் டோலியைத் தூக்கினார்கள். நானும் மாமியாரும் பின்னால் நடந்தோம். பாதை அகன்ற இடங்களில் நான் பக்கத்தில் போனபோது, அவள் கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். நான் நம்பிக்கையாகத்தான் இருந்தேன், பொய் சொல்லவில்லை. பாதிக்கு மேல் இறங்கிவிட்டோம்.

அப்போது கீழே ஜீப்பின் சத்தம் கேட்டது.

அன்று லாரி எஞ்சின் பழுதாகிக் கிடந்திருக்கிறது. ரைட்டர் நல்ல மனதோடு கீழே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டிருக்கிறார். அதிகாரியும் நல்ல மனதோடு உடனே வண்டியை அனுப்பியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. எத்தனையோ நாள் ஊசி மருந்துக்காகக் காத்துக் காத்து என் கண் பூத்துப் போயிருக்கிறது. அந்த ஒரு நாள்தான் அரசாங்கம் சொன்ன நேரத்துக்கு வந்தது.

நான்கு பேரும் டோலியைப் பாதையில் இறக்கினார்கள். பதமாகத்தான் இறக்கினார்கள்.

"கொஞ்சம் பொறுங்க நர்சம்மா," என்றான் புருஷன். "பொம்பளையள ஒண்ணும் செய்ய மாட்டான். வண்டி போகவும் ஓடியாந்துர்றோம்."

"இவளுக்காகத்தான் வந்திருக்கும்யா! நில்லுங்க!" என்று கத்தினேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் வெள்ளைச் சேலையைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவனுக்கு நானும் ஜீப்பும் ஒன்றாகிவிட்டோம். "ஏலே, வெரசா வாங்கடா," என்று மற்றவர்களைக் கூப்பிட்டபடி சோலைக்குள் புகுந்துவிட்டான்.

கீழே டிரைவர் தான் வந்துவிட்டதை எங்களுக்குத் தெரிவிப்பதற்காக ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவர் அடிக்க அடிக்க அவர்கள் இன்னும் உள்ளே போயிருப்பார்கள். நானும் மாமியாரும் மூங்கிலைத் தூக்கிப் பார்த்தோம். அந்தச் சரிவில் எங்கள் கால் நிற்கவில்லை. கத்தினேன், கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன். வாழ்க்கையில் அதற்கு முன் சொன்னதில்லை.

அப்போது அவள் முகம் தெளிந்தது. "வலி விட்டிருச்சு நர்சம்மா," என்றாள், சிரித்த முகமாக. மாமியார் சாமியைக் கும்பிட்டாள். கர்ப்பப்பை கிழிந்தால் வலி அப்படித்தான் சட்டென்று நிற்கும் என்று படித்திருந்தேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், பிறகு மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நழுவிக்கொண்டிருந்தது.

டிரைவரைக் கூட்டிவர விழுந்தடித்து ஓடினேன். அவரை இழுத்துக்கொண்டு மேலே வந்தபோது மாமியார் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, குரல் வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். டிரைவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "உசுரு போனவங்கள ஏத்த எங்களுக்கு ஆர்டர் இல்லீங்க சிஸ்டர்," என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவரோடு சண்டை போட என்னிடம் தெம்பு இல்லை.

ஜீப் கிளம்பியது. வளைவு வளைவாகச் சத்தம் தேய்ந்து அடங்கியது. மாமியாரின் மடியிலிருந்து அவள் தலையை டோலிக்குள் இறக்கி வைத்துக் கம்பளியை இழுத்து மூடினேன்.

சோலைக்குள்ளிருந்து நான்கு பேரும் வந்தார்கள். முட்கீறல் பட்ட கையைத் துடைத்துக்கொண்டு புருஷன் முன்னால் வந்தான். "போயிட்டான் நர்சம்மா," என்றான், என்னைத் தேற்றுகிற மாதிரி. "லாரி இனிமேத்தான வரும்? நேரமாகலைல்ல?" மற்றவர்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, கம்பளியின் பக்கம் திரும்பாமலே முன்மூங்கிலுக்குத் தோள் கொடுத்தான். டோலி எழும்பியது.

"கீழதான?" என்றான்.

"வீட்டுக்கு," என்றேன்.