குளிர்கிடங்குக் கோட்டு

நாளை மாலை சென்னைக்கு ரயிலேற வேண்டும். அங்கிருந்து பின்லாந்து. அங்குள்ள பள்ளிகளைப் பார்த்து வரப் போகும் அரசுப் பள்ளி ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. அங்கே இன்னும் பனி விழுகிறதாம். எனக்கோ கெட்டியான கோட்டு ஒன்றுகூட அமையவில்லை. எங்கள் ஊர் வண்ணார்பேட்டையில் ஏறி இறங்கும் கடையிலெல்லாம் சிரிக்கிறார்கள். ஒருவர் மழைக்கோட்டை எடுத்து நீட்டுகிறார்.

வீடு திரும்பும் வழியில் ஆட்டோ ஓட்டுபவரிடம் புலம்புகிறேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார்.

"எங்க வீட்டுல ஒண்ணு கெடக்கு டீச்சர். சவூதியில மீன் வைக்கிற குளிர்கிடங்குலதான் வேலை பாத்தேன். மேலப்பாளையத்துலதான் வீடு, இப்பமே போயி எடுத்துத் தாரேன்."

கொளுத்தும் வெயிலில் அவர் மனைவி ஒரு நீலக் கோட்டை உதறியபடி வாசலுக்கு வருகிறார். எனக்குப் போட்டுவிட்டு, நீண்டு தொங்கும் கைகளை அவரே மடித்துவிடுகிறார். வேர்த்து ஊற்றுகிறது. மூவரும் சிரிக்கிறோம்.

"ஊருக்கு வந்ததும் திருப்பித் தந்திருதேன், அண்ணே."

"பைய தாங்க. அங்கன பனி கொட்டும்போது ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க, போதும். இம்புட்டு வருசம் குளிருலேயே நின்னிருக்கேன். பனி விழுததக் கண்ணால பாத்ததில்ல."

அவர் எண்ணைக் கைபேசியில் பதிந்துகொள்கிறேன். கழற்ற மனம் வரவில்லை. கோட்டோடு ஆட்டோவில் ஏறி உட்காருகிறேன். தெருவே வேடிக்கை பார்க்கிறது.